மின் அட்டையும் அநர்த்த தண்ட விரதமும்



நம் வீட்டு வாசற்சுவரில் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. அதனுள்ளே ஒரு செந்நிறப் புள்ளி இரவும் பகலும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து எண்ணைக் குறித்துச் செல்கிறார். கட்ட வேண்டிய தொகையைக் கண்டதும் நாம் கட்டண விகிதத்தைக் குறை கூறுகிறோம். வெயிலைக் குறை கூறுகிறோம். சில இல்லங்களில் மருமகளையோ பேரப்பிள்ளையையோ கூடக் குறை கூறுகிறோம். அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை சிமிட்டியபோதும் நம் வீட்டில் எது இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பாடத்தின் நோக்கம் இரண்டு. முதலாவது, வீட்டு மின்செலவைக் கணக்கிட்டுக் குறைக்கும் முறையைக் கற்றல். இரண்டாவது, அவ்வாறு குறைத்தல் நமக்கு விதிக்கப்பட்ட விரதங்களுள் ஒன்றன் பகுதியே என்பதை உணர்தல். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர்க்குப் பயன்படும் வகையில் இறுதியில் சில வினாக்களும் தந்துள்ளோம்.

1. விரதம் கூறுவது யாது?

இல்லறத்தார்க்கு உரிய பன்னிரண்டு விரதங்களாவன: அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். ‘அநர்த்தம்’ என்பது பயனின்மை. ‘தண்டம்’ என்பது பிற உயிர்க்கு இழைக்கும் துன்பம். எப்பயனும் கருதாமல், வீணே உயிர்களுக்கு ஊறு விளைவிப்பதை விட்டொழிப்பதே இவ்விரதம்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், பயனில் தீமையை ஐந்தாகப் பகுக்கிறது: பாவோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துஷ்சுருதி, பிரமாதசரியை என்பன. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு என்பதை நம்மவர் அறிவர். ஐந்தனுள் இறுதியாகிய பிரமாதசரியையே இப்பாடத்திற்கு உரியது. மறதியாலும் அசட்டையாலும் நிலத்தை வீணே அகழ்தல், நீரை வீணே கொட்டுதல், தீயை வீணே மூட்டுதல், காற்றை வீணே அலைத்தல், மரஞ்செடிகளை வீணே வெட்டுதல் ஆகிய செயல்கள் இதில் அடங்கும்.

மண், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டென்பது நம் கொள்கை. இல்லறத்தார் இவற்றை முற்றும் தீண்டாமல் வாழ இயலாது. அடுப்பு எரிந்தாக வேண்டும். நீர் இறைத்தாக வேண்டும். அதனால்தான் தேவைக்கு நேரும் ஊறு வேறு, அசட்டையால் நேரும் ஊறு வேறு எனப் பிரித்து, பின்னதை விலக்குமாறு ஆசாரியர்கள் பணித்தனர். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியும், நிறைந்த தொட்டியிலிருந்து வழிந்தோடும் நீரும் அந்தப் பின்னதைச் சேர்ந்தவை.

‘மின்சாரம் அக்கினிகாய உயிராகுமா?’ என்று சிலர் வினவுவர். வடநாட்டுச் சுவேதாம்பர மரபினரிடையே இது பற்றி நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஆம் என்பாரும் உளர், அன்று என்பாரும் உளர். அவ்விவாதம் தீரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. கம்பியில் ஓடுவது எதுவாயினும், அதனைப் பிறப்பிக்க எரிவது தீ என்பதில் ஐயமில்லை. அத்தீயைக் காண விருத்தாசலத்தார் வெகுதொலைவு செல்ல வேண்டுவதும் இல்லை.

2. ஒரு யூனிட்டின் பின்னால் இருப்பது

நம் ஊர்க்குக் கிழக்கே உள்ளது நெய்வேலி. அங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1962 முதல் அனல்மின் நிலையம் இயங்கலாயிற்று. பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது. கருநிலக்கரியை விட வெப்பம் குறைந்தது. அதனால் ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டியுள்ளது.

அந்த ஒரு கிலோவைப் பெற, அதன் மேலுள்ள மண்ணைப் பல மடங்கு அகழ்ந்து குவிக்கின்றனர். கரிப்படுகையின் அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்தில் பீறிடாதிருக்க, அதனை இடைவிடாது இறைத்து வெளியேற்றுகின்றனர். எரித்தபின் புகையும் சாம்பலும் எஞ்சுகின்றன. ஆகவே ஒரு யூனிட்டை வீணாக்குவோர் மண், நீர், தீ, காற்று என்னும் நான்கனையும் வீணே வருத்தியவர் ஆகின்றனர். அகழப்பட்ட நிலத்தில் நின்ற பயிரையும் மரத்தையும் சேர்த்தால் ஐந்தும் நிறைந்துவிடும். பிரமாதசரியையைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் மின்சாரம் முழுவதும் நெய்வேலியிலிருந்து வருவதன்று. காற்றாலை, சூரிய ஒளி, அணுமின், நீர்மின், பிற ஊர்களின் அனல்மின் யாவும் கலந்தே நம் வீட்டை அடைகின்றன. ஆயினும் சூரியன் மறைந்தபின் தேவை மிகும்போது, அதில் பெரும்பகுதியை அனல்மின் நிலையங்களே தாங்குகின்றன. நாம் மாலையில் அணைக்கும் விளக்கிற்கு மதிப்பு மிகுதி என்பது இதனால் விளங்கும்.

3. கணக்கு அறிதல்

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். வாட் எண்ணை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இக்கணக்கு போதும்.

பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். நாளொன்றுக்கு 10 மணி நேரம், 60 நாட்கள் சுழன்றால் 45 யூனிட் ஆகும். புதுவகையான பி.எல்.டி.சி. விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 30 வாட் மட்டுமே கொள்ளும். அதே நேரத்திற்கு 18 யூனிட். பழைய குழல்விளக்கு சோக்குடன் சேர்த்து 55 வாட் வரை கொள்ளும், எல்.இ.டி. குழல்விளக்கு 20 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரு திங்களில் முன்னது 16.5 யூனிட், பின்னது 6 யூனிட்.

இனிக் கட்டணப் படிக்கட்டைக் காண்போம். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. 2022 செப்டம்பர் 10 அன்று நடப்புக்கு வந்த விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்கு உட்பட்டால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. மொத்தம் 500ஐக் கடந்தாலோ இடைப்பட்ட ரூ.2.25 சலுகை நீங்கும். 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ.8.

இதன் விளைவைக் காண்க. சரியாக 500 யூனிட் எனில் தொகை ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் தொகை ரூ.1,958. அந்த ஓர் யூனிட்டின் விலை ரூ.233! விகிதங்கள் 2024 ஜூலையில் மேலும் உயர்ந்தன. ஆகவே தத்தம் பட்டியலில் கண்டுள்ள விகிதத்தை வைத்தே கணக்கிடுக. கணக்கிடும் முறையைக் கற்கவே மேற்கண்ட எண்களைத் தந்தோம்.

4. நம் இல்லத்தில் கண்டது

பிறர்க்கு உபதேசிக்குமுன் நம் அட்டையைப் பார்ப்பது முறை. ஒரு கோடைப் பருவத்தில் நம் இல்லத்து அட்டையில் 520 யூனிட் பதிவாகியது. 2022ஆம் ஆண்டு விகிதப்படி அது ரூ.2,110. ‘நாம் சிக்கனமானவர்கள்’ என்றே அதுவரை நம்பியிருந்தோம். பிறகு ஒரு தாளில் கருவிகளின் பெயர், வாட், மணி என மூன்று பத்திகள் இட்டு ஒரு வாரம் எழுதி வந்தோம். நம்பிக்கை வேறு, கணக்கு வேறு என்பது அப்போது விளங்கியது.

ஐந்து பழைய குழல்விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியதில் 52 யூனிட் குறைந்தது. நெடுநேரம் சுழலும் இரு விசிறிகளை மட்டும் மாற்றியதில் 54. தொலைக்காட்சியின் இணைப்புப் பெட்டி 10 வாட் கொண்டு நாள் முழுதும் விழித்திருந்தது. பார்க்காத 18 மணி நேரமும் அதன் சுவிட்சை அணைத்ததில் ஏறத்தாழ 11. மேல்நிலைத் தொட்டி நிறைந்த பின்னும் நாள்தோறும் கால் மணி நேரம் மோட்டார் ஓடி, நீர் வழிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியதில் 15. நாள்தோறும் ஓரிரு துணிகளுக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவதை விட்டு, வாரம் ஒருமுறை மொத்தமாகத் தேய்த்ததில் 8. ஆக 140 யூனிட்.

அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அட்டை 380 காட்டியது. அதே விகிதப்படி தொகை ரூ.1,035. யூனிட் கால் பங்கிற்குச் சற்று மேல் குறைந்தது, தொகையோ பாதியாகியது. இதற்குக் காரணம் மேற்கூறிய படிக்கட்டே.

இங்கு ஓர் எச்சரிக்கை. நல்ல நிலையிலுள்ள பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் எறிந்துவிட்டுப் புதியன வாங்குதல் சிக்கனமன்று. ஒரு பொருளை உருவாக்கவும் தீ எரிந்துள்ளது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதமும் நினைவில் நிற்க வேண்டும். நெடுநேரம் இயங்குவதை முதலில் மாற்றுக. விருந்தினர் அறை விசிறி பழுதாகும்வரை இருக்கட்டும். புதிதாக வாங்குங்கால் நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குக. எரிசக்தித் திறன் செயலகத்தின் இக்குறி முறை 2006இல் தொடங்கியது. மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. குளிர்பதனப் பெட்டியின் குறியில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதே அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரத்தை விட அவ்வெண்ணை ஒப்பிடுதல் நன்று. முதல்நாள் உணவை மறுநாள் உண்ணாத நம் வழக்கத்தைக் காத்துவரும் குடும்பத்திற்குப் பெரிய பெட்டியே தேவைப்படாது.

குளிரூட்டி வைத்திருப்போர் 24 பாகைக்குக் கீழே இறக்காதிருப்பராக. ஒவ்வொரு பாகை உயர்த்தினாலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் குறையும் என்று அச்செயலகம் கணித்துள்ளது. கூரையில் சூரியப் பலகை அமைப்போர்க்கு 2024 பிப்ரவரியில் மைய அரசு அறிவித்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கு ரூ.78,000 என மானியம் வகுக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் வீணைக் குறைத்தபின் பலகை அமைத்தால் சிறிய பலகையே போதும் என்பதை மறவற்க.

5. சூளை கற்பிக்கும் பாடம்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கு உள்ளன. கொலுப் பொம்மை முதலாக, மின்கம்பிக்குக் காப்பாக அமையும் பீங்கான் பொருள்கள் வரை இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவந்துள்ளன. பீங்கான் வேக ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆதலால் எரிபொருளின் அருமை சூளைத் தொழிலாளர்க்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

அவர்கள் கடைப்பிடிக்கும் முறைகள் மூன்று. சூளை நிறையச் சரக்கு அடுக்காமல் தீ மூட்டார். சுவரிலும் கதவிலும் வெப்பம் கசிய விடார். சூடு தணியும்வரை கதவைத் திறவார். இம்மூன்றையும் அப்படியே அடுக்களைக்குக் கொண்டு வரலாம்.

முதலாவது, நிரப்பி இயக்குதல். சலவை இயந்திரத்தை நிறைந்த துணியுடன் இயக்குக. மாவரைக்கும் இயந்திரத்தை அடிக்கடி சிறிது சிறிதாக ஓட்டாதிருக்க. இரண்டாவது, கசிவை அடைத்தல். குளிர்பதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்க. தாள் எளிதில் வந்துவிட்டால் இரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விடுக. சுடுசோற்றை ஆறவைத்தே உள்ளே வைக்க. மூன்றாவது, மிச்சச் சூட்டைப் பயன்படுத்தல். பருப்பை முன்னரே ஊறவைத்து, மூடியிட்டு வேகவைத்து, சிறிது முன்னதாகவே அடுப்பை அணைத்தால் எஞ்சிய சூட்டிலேயே வெந்துவிடும். குடிநீர் காய்ச்சுவோரும் பாத்திரத்தை மூடியே காய்ச்சுக.

சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் மரபும் ஈண்டு நினைக்கத்தக்கது. அதை விரதமாக ஏற்றோர் வீட்டில் மாலை விளக்குச் செலவு இயல்பாகவே குறையும். மழைக்காலத்தில் வாசலில் எரியும் ஒளிமிக்க விளக்கை நாடி ஈசலும் பூச்சியும் வந்து மாய்வதை நாம் விடியற்காலையில் பெருக்கித் தள்ளுகிறோம். அவ்விளக்கைத் தேவையானபோது மட்டும் ஏற்றினால் மின்சாரமும் மிஞ்சும், அவ்வுயிர்களும் பிழைக்கும்.

6. சிக்கனம் அல்லாதவை

இப்பகுதியை எழுதச் சற்று நாணுகிறோம்; எனினும் மறைத்தல் பொய்யாமைக்கு ஒவ்வாது. மேற்கூறிய கணக்கைத் தொடங்கிய மே மாதத்தில் நமக்கு ஒருவகை வேகம் பிறந்தது. அறைதோறும் சென்று சுவிட்சை அணைப்பதே வேலையாயிற்று. நம்முடன் வாழும் மூத்த நாத்தனார் நண்பகலில் கண்ணயர்வார். அவர் உறங்கிவிட்டார், இனி விசிறி வேண்டாம் என்று எண்ணி அணைத்து வந்தோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் அவர் வியர்த்து, தலைசுற்றி, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தார். மருத்துவர் வந்து, ‘முதியவர் உடல் வெப்பத்தைத் தாங்காது, காற்றும் நீரும் இடைவிடாது வேண்டும்’ என்றார். நலம் பெற்றபின், ‘ஏன் அண்ணி சொல்லவில்லை?’ என்று கேட்டோம். ‘நீ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாய், அம்மா’ என்றார்.

அந்த நான்கு பிற்பகல்களில் நாம் மிச்சப்படுத்தியது ஒரு யூனிட் கூட இல்லை. 75 வாட் விசிறி நாளுக்கு 3 மணி வீதம் நான்கு நாட்கள் சுழன்றிருந்தால் 0.9 யூனிட். அதன்பொருட்டு ஐந்தறிவும் மனமும் உடைய ஓர் உயிரை வருத்தினோம். அநர்த்த தண்டத்தை விலக்கப் புகுந்து வேறோர் அநர்த்தத்தைச் செய்தோம். விரதம் விலக்கச் சொன்னது பயனற்றதை மட்டுமே. முதியோர்க்கும் நோயாளர்க்கும் குழந்தைகட்கும் காற்று பயனற்றதன்று. வீட்டு வேலைக்கு வருவோர்க்கும் அவ்வாறே. படிக்கும் பிள்ளைக்கு விளக்கும், மாடிப்படிக்கு இரவில் ஒளியும் தேவையே. அவ்வாண்டு மாற்றிய இரு விசிறிகளுள் முதலாவது நாத்தனார் அறையில் பொருத்தப்பட்டது.

கொக்கி போட்டு மின்சாரம் எடுத்தல், கணக்குப் பெட்டியைத் திருத்துதல் ஆகியவையும் சிக்கனமல்ல. அவை கள்ளாமை விரதத்தின் முறிவு, உயிர்க்கும் ஆபத்து. தொகை குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் செயலை அறமென்று கொள்ளலாகாது.

7. ஓர் எளிய நியமம்

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் நம்மவர் உண்ணாநோன்போ ஒருபோது உணவோ கொள்வது வழக்கம். அந்நாட்களின் காலையில் வழிபாடு முடிந்ததும், பெட்டியிலுள்ள எண்ணை ஒரு நாட்குறிப்பில் எழுதி வருமாறு வேண்டுகிறோம். அட்டமியிலிருந்து சதுர்த்தசிக்கு ஏறத்தாழ ஆறு நாள். சதுர்த்தசியிலிருந்து அட்டமிக்கு ஏறத்தாழ ஒன்பது நாள். இரு திங்களுக்கு 400 யூனிட் என எல்லை வகுத்துக்கொண்டோர் முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என நினைவில் கொண்டால் போதும். எல்லை கடந்தால் காரணம் அடுத்த சில நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். இரு திங்கள் கழித்துத் திகைக்க நேராது.

மற்றொரு சோதனையும் செய்து பார்க்கலாம். வீட்டின் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டுச் செம்புள்ளியைச் சில நிமிடம் உற்று நோக்குக. அது இன்னும் சிமிட்டினால், எங்கோ ஒரு கருவி விழித்திருக்கிறது, அல்லது கம்பியில் கசிவு உள்ளது. பின்னதாயின் தேர்ந்த மின்பணியாளரை உடனே அழைக்க.

நுகர்பொருள்களுக்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல் நம் விரதங்களுள் ஒன்று. முன்னோர் உணவு, உடை, அணி முதலியவற்றுக்கு எல்லை வகுத்தனர். இக்காலத்து இல்லறத்தார் அப்பட்டியலில் மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்வாராக. மிச்சமான தொகையில் ஒரு பகுதியை ஆகார, ஔஷத, சாஸ்திர, அபய தானங்களுள் இயன்றதற்கு ஒதுக்கினால் பயன் இருமடங்காகும்.

பாடசாலைக்குரிய வினாக்கள்

1. பிரமாதசரியை என்பது யாது? உன் வீட்டிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுத் தருக.
2. 12 வாட் வாசல் விளக்கு இரவில் 10 மணி நேரம் எரிகிறது. 60 நாட்களில் எத்தனை யூனிட்? (விடை: 7.2)
3. 15 லிட்டர் நீரை 25 பாகை சூடேற்ற ஏறத்தாழ 0.44 யூனிட் வேண்டும். நாள்தோறும் இருமுறை சூடேற்றினால் 60 நாட்களில் எத்தனை யூனிட்? (விடை: ஏறத்தாழ 53)
4. இல்லத்து மின் அட்டையைப் பார்த்துக் கடந்த மூன்று கணக்கெடுப்புகளின் யூனிட்டை எழுதுக. எது மிகுதி? ஏன்?
5. உன் வீட்டில் அணைக்கக் கூடாத விசிறி எது? அதற்குரிய காரணத்தைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

ஐந்தாம் வினாவிற்கு மதிப்பெண் வழங்கும்போது ஆசிரியர்கள் சற்றுத் தாராளமாக வழங்குவார்களாக.

அறம் வளர்க!